போதும் சார்

விமானம் ஓடுபாதையின் முடிவில் நிற்காமல் தாண்டிப் போய் விழுந்தால் அதைத் தமிழில் என்னவென்று எழுதுவது? ‘ஓடுபாதை மீறல்’ என்றால் விமானம் ஏதோ சட்டத்தை மீறியதுபோல் இருக்கிறது. ‘வழுக்கல்’ என்றால் வாழைப்பழத் தோல் நினைவுக்கு வருகிறது. இந்தச் சொல்லை முடிவு செய்யத்தான் என்னை விசாரணைக் குழுவில் சேர்த்தார்கள். விபத்து அறிக்கைகள் அந்தந்த மாநில மொழியிலும் வெளிவர வேண்டும் என்று சட்டம் வந்த புதிது. குழுவில் மற்ற எல்லோருக்கும் விமானம் தெரியும், எனக்குத் தமிழ் தெரியும். காபி வரும்போது மட்டும் எல்லோரும் சமம்.

என் பெயர் உமாபதி. கலைச்சொல் அகராதி தயாரிப்பது என் தொழில். ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் இருந்தால் மூன்றையும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். எந்தப் பொருளில் யார் சொன்னார்கள் என்று கவலைப்பட வேண்டியதில்லை. குழுத் தலைவர் சேஷகிரி விமானப் படையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். பேச ஆரம்பித்தால் தரை இறங்க மாட்டார் என்பது ஒன்றுதான் குறை.

விபத்து நடந்த இடம் வெண்மலை. மலையின் தலையைச் சீவித் தட்டையாக்கி அதன்மேல் ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். நான்கு பக்கமும் பள்ளம். அன்று நல்ல மழை. காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது. ஆரம்பத்திலேயே தரையைத் தொட்டிருக்க வேண்டிய சக்கரங்கள் பாதிப் பாதை போன பிறகுதான் தொட்டன. மீதிப் பாதை முழுவதும் தண்ணீர். பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. பள்ளத்தில் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் விமானத்தை ஓட்டிய கேப்டன் அறவாழி. பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானி ஜெசிந்தா ஃபெர்னாண்டோ இடது கால் நொறுங்கிப் பிழைத்துக்கொண்டார்.

அந்த விமானத்தில் விமானி அறையில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அதன் பெயர் செவி. அதைச் செய்த நிறுவனத்திலிருந்து முபாரக் என்ற பொறியாளர் முதல் கூட்டத்துக்கு வந்து விளக்கினார்.

“பயம் வந்தா மனுஷனுக்கு ரெண்டாவதா கத்துக்கிட்ட பாஷை முதல்ல போயிடும் சார். இறங்க வேண்டாம், மறுபடி மேலே ஏறுங்கன்னு சொல்ல ‘கோ அரௌண்ட்’னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க. பழைய விபத்துகளோட ஒலிப்பதிவை எல்லாம் உட்கார்ந்து கேட்டோம். கடைசி நேரத்துல நிறையப் பேர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. வீட்டுல பேசுற மாதிரி என்னவோ சொல்றாங்க. அதனால செவிக்கு வீட்டுப் பாஷையைக் கத்துக் குடுத்தோம். ரெண்டு விமானியில யார் வேண்டாம்னு சொன்னாலும் அது விமானத்தை வாங்கி மேலே ஏத்திடும்.”

“அதுவே பார்த்து ஏத்தாதா?” என்று கேட்டேன். விமானம் தெரியாதவன் கேட்கக்கூடிய கேள்விதான்.

“ஏத்தும் சார். ஆனா விமானிகள் சங்கம் ஒத்துக்கலை. மெஷின் தானா முடிவெடுக்கக் கூடாது, மனுஷன் சொன்னாத்தான் எடுக்கணும்னுட்டாங்க. அதனால அது கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கும்.”

“வீட்டுப் பாஷையை எங்கே கத்துக்கிட்டது?”

“வீட்டுலதான். பாட்டுப் போடு, விளக்கை அணைன்னு சொல்றதுக்கு எல்லா வீட்டுலயும் ஒரு பெட்டி வச்சிருக்காங்களே, அது வழியா. அனுமதி வாங்கிட்டுத்தான் சார். லட்சக்கணக்கான தமிழ் வீடு.” அவர் அதைப் பெருமையோடு சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இருபது வருடமாக நான் தேடிப் பொறுக்கிய சொற்களை அது ஒரே மூச்சில் வாங்கிவிட்டிருக்கிறதே.

பிறகு விமானி அறையின் கடைசி நிமிடத்து உரையாடலைப் போட்டுக் காட்டினார்கள். முதலில் ஜெசிந்தாவின் குரல், “சார், தள்ளிப் போகுது” என்றது. அறவாழி “ம்” என்றார். ஜெசிந்தா, “போதும் சார்” என்றார். அறவாழி, “பத்தும், பத்தும். எறக்கிடலாம்” என்றார். ஜெசிந்தா மறுபடியும், “சார், போதும்” என்று சொல்லும்போதே சக்கரம் தரையில் பட்ட சத்தம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த சத்தங்களை நான் எழுதப் போவதில்லை.

வரைவு அறிக்கை தயாராக இருந்தது. ‘ஓடுபாதையின் நீளம் போதுமானது எனத் துணை விமானி இருமுறை உறுதி செய்தார். கேப்டன் அதை ஏற்று இறங்கினார். மறுப்பு எதுவும் இல்லாததால் செவி தலையிடவில்லை.’ இதில் எழுத்துப் பிழை, சந்திப் பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டியது என் வேலை. பிழை இல்லை. ஆனால் இந்த மூன்று வாக்கியத்துக்கும் கீழே கையெழுத்து விழுந்தால் ஜெசிந்தாவின் உரிமம் போகும், ஆறு பேர் சாவுக்குக் காரணமானவர் என்று போலீஸ் வழக்கும் வரும். அதை விமானம் தெரிந்த நண்பர் ஒருவர்தான் காபி குடிக்கும்போது சொன்னார்.

ஜெசிந்தா அலுவலகத் தாழ்வாரத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடிக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். நான் போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, ஒரு சொல்லைப் பற்றிச் சந்தேகம் என்றேன்.

“கேளுங்க சார்.”

“போதும்னு எந்த அர்த்தத்துல சொன்னீங்க?”

“போதும்னா போதும்னுதான். நிறுத்துங்க, மேல போயிருவோம்னு. வேற என்ன?”

“கோ அரௌண்ட்னு சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம். எல்லாரும் இதத்தான் கேக்காங்க. அறவாழி சார்ட்டதான் நான் தொழில் கத்துக்கிட்டேன். அவருகிட்ட அந்த வார்த்தையச் சொன்னா, உங்களுக்கு எறக்கத் தெரியலன்னு மொகத்துக்கு நேர சொல்லுத மாதிரி. வாய் வரல. வாய்க்கு வந்தது இதுதான். வாய்க்கு வந்ததக் கேக்கத்தானே சார் அந்த மெஷின வச்சாங்க?”

“கேப்டன் பாதை போதும்னு எடுத்துக்கிட்டார்.”

“ஆமா. அவரு அடுத்தவங்க பேச்சக் கேக்காத மனுசர் இல்ல. கேட்டாரு. வேற மாதிரி கேட்டுருச்சு. அவரு மேல ஒண்ணும் எழுதாதீங்க.”

“யார் மேலயாவது எழுதித்தான் ஆகணும். இப்ப உங்க மேல எழுதி வச்சிருக்காங்க.”

“எம் மேலயும் எழுதக் கூடாது. நான் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்.”

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று மாலையே சேஷகிரியிடம் போய் அந்த வாக்கியங்களில் நான் கைவைக்க முடியாது என்றேன். “போதும் என்ற சொல்லுக்கு ரெண்டு பொருள் சார். துணிக்கடையில அளந்து பார்த்து ‘மூணு மீட்டர் போதும்’னா அது ஒண்ணு. சண்டையில ‘போதும்’னா அது வேற. பாதை போதும்னு சொன்னார்னு நீங்க எப்படி முடிவு பண்ணினீங்க?”

“நீங்க மட்டும் எப்படி இல்லைங்கறீங்க? அகராதியில ரெண்டும் இருக்குன்னா, சந்தேகத்தோட பலன் செத்துப்போனவருக்குத்தான் போகணும். அவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதே.” பிறகு சந்தேகத்தின் பலனைப் பற்றி அவர் வெகு நேரம் பேசினார்.

முடித்ததும் சொன்னேன், “அகராதியைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை சார். அந்த நேரத்துல அங்கே மூணு பேர் இருந்தாங்க. ஒருத்தர் போயிட்டார், ஒருத்தர் சொன்னதை நீங்க நம்பலை. மூணாவதைக் கேட்போம்.”

சேஷகிரிக்கு இயந்திரங்கள் மேல் மரியாதை உண்டு. ஒப்புக்கொண்டார்.

விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் போலி விமானம் சென்னைக்கு வெளியே ஒரு பெரிய கொட்டகையில் இருந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்தால் அசல் விமானம்தான். ஜன்னலுக்கு வெளியே தெரிவது மட்டும் திரை. முபாரக் அதே மழை, அதே காற்று, அதே செவி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தார். சேஷகிரி கேப்டன் இருக்கையில் உட்கார்ந்தார். ஜெசிந்தா ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து தன் இருக்கைக்குப் போனார். திரையில் வெண்மலை தெரிந்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது.

“இன்னொரு நாள் வச்சுக்கலாமா மேடம்?” என்றார் முபாரக்.

“இன்னைக்கே.”

விமானம் இறங்கியது. பாதையின் ஆரம்பம் கீழே ஓடி மறைந்தது. “போதும் சார்” என்றார் ஜெசிந்தா. சேஷகிரி பேசி வைத்தபடி ஒன்றும் செய்யாமல் இறக்கிக்கொண்டே போனார். செவியும் ஒன்றும் செய்யவில்லை. “சார், போதும்” என்றார் ஜெசிந்தா. சக்கரம் தரையில் பட்டது, பாதை முடிந்தது, திரை சிவந்து நின்றது. குழுவில் ஒருவர், “பார்த்தீங்களா, மெஷினும் பாதை போதும்னுதான் புரிஞ்சுக்கிட்டிருக்கு” என்றார். ஜெசிந்தா திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் எட்டி மைக்கைப் பிடித்துச் செவியிடம் கேட்டேன். அதனிடம் எழுத்துத் தமிழில் பேச வேண்டியதில்லை என்றாலும் எனக்கு என்னவோ அப்படித்தான் வந்தது.

“ஜெசிந்தா சொன்னதை நீ என்னவென்று புரிந்துகொண்டாய்?”

“இறங்க வேண்டாம் என்று,” என்றது செவி. வானொலியில் செய்தி வாசிப்பவர்போல் நிதானமான குரல்.

முபாரக் எழுந்து நின்றார்.

“பாதை போதும் என்று புரிந்துகொள்ளவில்லையா?”

“இல்லை. அவர் மறுத்தார்.”

“பிறகு ஏன் மேலே ஏறவில்லை?”

“அது முதல் மறுப்பு. முதல் மறுப்புக்குப் பிறகு செயல் தொடர்வதே வழக்கம். பரிமாறும்போது ஒருவர் போதும் என்கிறார். அதற்குப் பிறகும் பரிமாறப்படுகிறது. அவர் சாப்பிடுகிறார். மறுப்பு மரியாதைக்காகச் சொல்லப்படுகிறது.”

“இரண்டாவது முறையும் சொன்னாரே?”

“இரண்டாவது மறுப்புக்குப் பிறகும் பெரும்பாலும் தொடர்கிறது. சொல்பவர் இளைய பெண்ணாகவும் கேட்பவர் மூத்த ஆணாகவும் இருந்தால், மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் நிறுத்துகிறார்கள். சில வீடுகளில் அப்போதும் இல்லை.”

கடைசி வாக்கியத்தையும் அது அதே நிதானத்தோடுதான் சொன்னது. சோற்றுக் கரண்டியைப் பற்றி மட்டும் அது பேசவில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. லட்சக்கணக்கான வீடுகளில் எந்த எந்த அறையில் எந்த எந்தப் போதும் அதன் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“இலையில போடும்போது வாய் எதுவும் சொல்லும், யாரும் கேட்க மாட்டோம்,” என்று குழுவினருக்கு விளக்கினேன். “நெஜமாவே வேண்டாம்னா ரெண்டு கையையும் இலைக்குக் குறுக்கே வச்சுக் குனிஞ்சுக்குவோம். அதைப் பார்த்ததும் நிறுத்திடுவோம். செவி கையைப் பார்க்கலை. வாயை மட்டும்தான் கேட்டுது. வாயை நாம என்ன மதிச்சோமோ அதைத்தான் அதுவும் மதிச்சிருக்கு.”

சேஷகிரி தன் குரலில் சோதித்துப் பார்க்க விரும்பினார். மறுபடி அதே மழை, அதே பாதை. இந்த முறை அவர் சற்று அலுப்போடு, ஒரே ஒரு தடவை, “போதும்” என்றார். வார்த்தை முடிவதற்குள் இயந்திரம் உறுமியது, மூக்கு நிமிர்ந்தது, வெண்மலை கீழே போயிற்று. ஒரு கணம் சேஷகிரிக்குப் பெருமையாகவே இருந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு பக்கத்து இருக்கையைப் பார்த்தார், பெருமை போய்விட்டது.

“மெஷினத் திட்டாதீங்க முபாரக்,” என்றார் ஜெசிந்தா கீழே இறங்கும்போது. “தப்பா ஒண்ணும் கத்துக்கலயே. சரியாத்தான் கத்துருக்கு.”

ஜெசிந்தாவையும் அழைத்திருந்த அடுத்த கூட்டத்துக்கு முபாரக் நிறுவனத்தின் யோசனையோடு வந்தார். அவர் தூங்கியதுபோலத் தெரியவில்லை. செவியை முதலிலிருந்து கற்பிக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை எல்லா விமானங்களையும் நிறுத்தி வைக்க முடியாது. ஆனால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. விமானி யாராக இருந்தாலும் அவர் குரலை வழியிலேயே ஒரு மூத்த ஆண் குரலாக மாற்றிச் செவிக்கு அனுப்பிவிடலாம். ஒரு வார வேலை. ஜெசிந்தா சொன்னாலும் சேஷகிரி சொன்னதுபோல் அதன் காதில் விழும். அறிக்கையில், மொழியின் இரட்டைப் பொருளால் நேர்ந்த விபத்து, யார் மேலும் குற்றம் இல்லை என்று எழுதிக்கொள்ளலாம். ஜெசிந்தாவுக்கு உரிமம் திரும்பிவிடும், வழக்கும் வராது. அவர் சம்மதித்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கும் வந்தது என்பதை மறைப்பானேன். அந்தப் பெண் மறுபடி பறக்கலாம், வேறு என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன். தாளை அவர் முன்னால் நகர்த்தியதே நான்தான்.

ஜெசிந்தா அதை இரண்டு முறை படித்தார். “எங்கொரல் பொம்பளக் கொரலா இருக்கதுதான் கோளாறு. அத மறைச்சிட்டா சரியாப் போயிரும். அப்படித்தானே?”

“அப்படி இல்லை மேடம்,” என்றார் முபாரக்.

“பின்ன எப்படி? இந்தக் கொரலுக்கு என்ன கொறச்சல்? நல்லாக் கேக்குதுல்லா உங்களுக்கு?”

“கேக்குது.”

“அப்ப இதையே கேக்கச் சொல்லுங்க. யாரு சொன்னாலும், எந்தக் கொரல்ல சொன்னாலும், ஒரே தடவ. வேண்டாம்னாலும் போதும்னாலும் பயமா இருக்குன்னாலும் ஏறிரணும். ஏறினதுக்கு அப்புறம் ஏன் சொன்னேன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. அதையும் சட்டமா எழுதணும்.”

“ஏன்னு கேக்கக் கூட கூடாதா?” என்றேன்.

“கேட்டா அடுத்த தடவ சொல்ல மாட்டாங்க சார். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருப்போம்னு இருந்துருவாங்க. நானே முன்னால ரெண்டு மூணு தடவ அப்படி இருந்திருக்கேன்.”

முபாரக் தலையைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் ஏறிடும் மேடம். காபி போதும்னு சொன்னாக்கூட ஏறும்.”

“எறங்கும்போது யாரு காபி குடுக்கா?”

சேஷகிரி தொண்டையைச் செருமினார். “அம்மா ஜெசிந்தா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ சொல்ற சட்டத்துக்கு எந்தக் கம்பெனியும் ஒத்துக்காது. ஒவ்வொரு தடவை ஏறினாலும் எண்ணெய் செலவு, நேரம், அடுத்த விமானம் தாமதம். நீ கையெழுத்துப் போடலைன்னா பழைய அறிக்கைதான் நிக்கும். வழக்குன்னு வந்தா உனக்கு வயசு வீணாப் போயிடும்.”

“போதும் சார்.”

“இரு, முழுக்கக் கேளு. என் பொண்ணா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். முதல்ல உரிமத்தை வாங்கு. மேலே பற. கேப்டன் ஆகு. அதுக்கப்புறம் உள்ளேயிருந்து நீ எதை வேணா மாத்தலாம். படையில நாங்க எல்லாம் அப்படித்தான்...”

“போதும் சார்.”

“...பொறுமையா இருந்து காரியத்தைச் சாதிச்சோம். ஒரு தடவை ஜோத்பூர்ல இதே மாதிரி ஒரு நிலைமை. எங்க மேலதிகாரி என்ன சொன்னார்னா...”

ஜெசிந்தா மூன்றாவது முறை சொல்லவில்லை. முன்னால் கிடந்த தாளின் மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

சேஷகிரியின் பேச்சு ஜோத்பூரிலேயே நின்றுவிட்டது. பரிமாறப் போய்க் கரண்டியோடு நின்றவர்போல் அவர் கை அந்தரத்தில் இருந்தது. அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பிறகு அவர் கேட்டார்.

“நீ எத்தனை தடவைம்மா சொன்னே?”

“ரெண்டு தடவ சார்.”

“கேட்டுது,” என்றார் சேஷகிரி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “ரெண்டும் எனக்குக் கேட்டுது.”

பிறகு என் பக்கம் திரும்பி எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘இறங்க வேண்டாம் எனத் துணை விமானி இருமுறை சொன்னார். கேப்டன் அதை வேறு பொருளில் எடுத்துக்கொண்டார். செவி சரியான பொருளில் புரிந்துகொண்டும் மதிக்கவில்லை.’ மதிக்கவில்லை என்ற சொல் தொழில்நுட்ப அறிக்கைக்குப் பொருந்தாது என்று ஒருவர் ஆட்சேபித்தார். அகராதிக்காரன் என்ற முறையில் பொருந்தும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். குழுவில் எனக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அது, அதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

அவ்வளவு சுலபமாக முடிந்துவிடவில்லை. செவி பொருத்திய விமானங்கள் எல்லாம் நின்றன. நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. வேலை போனவர்கள் ஜெசிந்தாவைத் திட்டினார்கள், பத்திரிகையில் ஒருவர் அவரை வாயாடி என்று எழுதினார். கால் சரியான பிறகும் இரண்டு வருடம் போலத் தூத்துக்குடியில் தரையில்தான் இருந்தார். ஒவ்வொரு விசாரணைக்கும் ரயிலேறி வந்து, கேட்ட கேள்விக்கே திரும்பத் திரும்பப் பதில் சொல்லிவிட்டுப் போவார். ஒருமுறை முபாரக் கூண்டில் ஏறி ஜெசிந்தா பக்கம் சாட்சி சொன்னார். அத்தோடு அவருக்கும் வேலை போயிற்று. கடைசியில் ஒரே தடவை என்ற விதி வந்தது. ஏன் என்று கேட்கக் கூடாது என்ற விதியும் கூடவே வந்தது.

பிறகு சில வருடங்கள் கழித்து வெண்மலையில் ஒரு மாநாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. விமானத்தில் பாதிக்கு மேல் ஒரு கல்யாணக் கோஷ்டி. மாலைக் கூடை, பழத்தட்டு, தூக்கத்தில் அழும் குழந்தை எல்லாம் இருந்தன. கேப்டன் ஜெசிந்தா ஃபெர்னாண்டோ என்று ஒலிபெருக்கி சொன்னபோது எனக்கு எழுந்து நின்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை, பக்கத்து இருக்கைக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் யார் என்று கேட்டார்.

வானம் தெளிவாக இருந்தது. ஜன்னலில் ஓடுபாதை நன்றாகவே தெரிந்தது. சக்கரம் தொடப் போகிற நேரத்தில் இயந்திரம் உறுமியது, வயிறு கீழே போனது, விமானம் நிமிர்ந்து மேலே ஏறியது. பழத்தட்டுகள் சரிந்தன. கொஞ்ச நேரத்தில் வெண்மலையை மேகம் மூடிக்கொள்ளவே, மறுபடி முயலாமல் மதுரைக்குத் திருப்பினார்கள். முகூர்த்தம் தவறிவிட்டது.

மதுரையில் ஜெசிந்தா வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு மாமா முறையாகும் ஒருவர், “பொம்பள கையில ஓட்டக் குடுத்தா இப்படித்தான்” என்றார். பெண்ணைப் பெற்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். மாமாவின் பேச்சைவிட இதுதான் ஜெசிந்தாவைத் தாக்கியது என்று நினைக்கிறேன். ஆனாலும் அவர் தலை குனியவில்லை. எல்லோரும் போகும்வரை நின்றார்.

கடைசியாக நான் வந்தேன். “உமாபதி சார்லா?” என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு நின்றோம். பிறகு நான், கேட்கக் கூடாது என்ற விதி தெரிந்திருந்தும், தாழ்ந்த குரலில் கேட்டேவிட்டேன்.

“நெஜமாவே எடம் பத்தாதா?”

அவர் விமானி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “தாராளமா இருந்துச்சு சார். கண்ண மூடிக்கிட்டு எறக்கியிருப்பேன்.”

“அப்புறம்?”

“பக்கத்துல இருந்தவரு போதும்னாரு. ஏறிட்டோம்.”

அதற்குள் துணை விமானி வெளியே வந்தார். ஸ்டான்லி என்று சட்டையில் எழுதியிருந்தது. சரக்கு விமானத்திலிருந்து வந்தவராம். ஜெசிந்தாவைவிட வயதில் பத்துப் பன்னிரண்டு பெரியவர் இருப்பார். கல்யாணக் கோஷ்டி போன திசையைப் பார்த்தார். வியர்த்திருந்தது.

“மேடம், சாரி. எனக்கு என்னமோ திடீர்னு ஒரு மாதிரி...”

“ஏன்னு சொல்லாதீங்க ஸ்டான்லி,” என்றார் ஜெசிந்தா. “சாரியும் சொல்லாதீங்க. இன்னைக்குச் சாரி சொன்னீங்கன்னா நாளைக்குச் சொல்ல மாட்டீங்க.”